புயல் அலைக்கு முக்கோணம், சுனாமிக்குக் கட்டம்... கடலூர் கடலை கணினி கணக்கு போடுவது எப்படி?

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டும் வெள்ளாற்று நீர், புவனகிரி வழியாகச் சென்று பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. புயல் நேரத்தில் கடல்மட்டம் உயர்ந்தால், ஆத்துத் தண்ணி வடிய வழியில்லாம கரையோரத்தில் தேங்கும். கடல் எவ்வளவு உயரும் என்பதை முன்கூட்டியே சொல்ல உதவும் கணக்கின் அடிப்படைதான் 'மெஷ்'.

மெஷ் என்றால் என்ன?

மொத்தக் கடலையும் கணினியால் ஒரே மூச்சில் கணக்கிட முடியாது. அதனால் கடல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் நீர்மட்டம், வேகம் கணக்கிடப்படும். இந்தத் துண்டுகள் சேர்ந்த வலைதான் மெஷ். இதில் 2 வகை உண்டு.

1. ஒழுங்கான மெஷ்

கணக்கு நோட்டுக் கட்டம் மாதிரி. வரிசை எண் தெரிந்தால் போதும், பக்கத்துக் கட்டம் எதுன்னு கணினிக்குத் தெரிஞ்சிடும். நினைவகம் குறைவு, வேகம் அதிகம்.

சிக்கல் என்ன? வளைந்த கரை, ஆற்று முகத்துவாரம் எல்லாம் படிக்கட்டு போல மாறிவிடும். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் 4 மடங்காகும். நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டியிருப்பதால், வேலை சுமார் 8 மடங்கு கூடும்.

2. ஒழுங்கற்ற மெஷ்

பெரும்பாலும் முக்கோணங்கள். ஆழ்கடலில் பெரிதாகவும், கரையோரத்தில் சிறிதாகவும் போடலாம். கரையின் வளைவு அப்படியே வரும். ஆனால் எந்த முக்கோணத்துக்கு எது பக்கத்தில் என்ற பட்டியலைத் தனியாகச் சேமிக்கணும். ஒல்லியான முக்கோணங்கள் கணக்கையே கெடுத்துவிடும்.

இந்தியாவில் எது பயன்படுகிறது?

இரண்டும்தான்! ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம், புயல் அலை எச்சரிக்கைக்கு முக்கோண மெஷ் கொண்ட 'அட்சர்க்' மென்பொருளைப் பயன்படுத்துகிறது.

2004 சுனாமிக்குப் பிறகு, 2007-ல் அதே மையத்தில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கைப் பணிக்கு, கட்ட முறையிலான 'டுனாமி என்2' பயன்பட்டது. நிலநடுக்கம் வந்த பிறகு நிதானமாகக் கணக்கு போட நேரமிருக்காது. எனவே பல நிலநடுக்கங்களைக் கற்பனை செய்து, முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்து வைத்துள்ளனர்.

எது சிறந்தது?

வேகம் வேணும்னா கட்டம், கரையின் வடிவம் முக்கியம்னா முக்கோணம். ஆனால் கடலடி ஆழமும் கரையோர நில உயரமும் தப்பா இருந்தா, எந்த மெஷ்ஷும் காப்பாத்தாது. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கரையைக் கடந்த கடலூருக்கு, அந்த அளவுகள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.