கப்பலை விட்டு இறங்கியவருக்குக் காவல்துறைத் தலைமை

சென்ற வாரம் 1816-ஆம் ஆண்டின் 11-ஆவது ரெகுலேஷனோடு நிறுத்தியிருந்தோம். சென்னை ராஜதானி முழுவதற்கும் பொருந்திய அந்தக் காவல் சட்டத்தின் வேர் நம் தருமபுரி மண்ணில் இருந்தது என்பதையும் பார்த்தோம். 1792-இல் திப்புவிடமிருந்து பாரமகால் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இந்தப் பகுதியில் இருந்தார். தருமபுரியில் வீடும் தோட்டமும் அமைத்துக்கொண்டு ஊர் ஊராகக் குதிரையில் சுற்றினார். அவர் பட்டாளத்துக்காரர். வரி வசூலிக்க வந்தவர். ஆனாலும் கிராமத்துக்குத் தலையாரி என்று ஒருவன் இருக்கிறான், களத்தில் அளக்கும் தானியத்தையும் மானிய நிலத்தையும் நம்பி அவன் இரவெல்லாம் காவல் காக்கிறான், திருட்டு நடந்தால் தடம் பார்த்துப் போகிறவன் அவன்தான் என்பதை மன்றோ புரிந்துகொண்டார். அதனால்தான் 1814-இல் நீதித்துறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகத் திரும்பி வந்ததும், வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த தரோகா என்ற காவல் அதிகாரிகளை ஒழித்து, காவல் பொறுப்பை ஊர்த் தலைவர், தலையாரி, தாசில்தார், கலெக்டர் என்ற வரிசையில் சேர்த்தார்.

அந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வரி கேட்கிற கையும் விலங்கு மாட்டுகிற கையும் ஒன்றாகிவிட்டது. கிஸ்தி கட்டாத விவசாயியை வெயிலில் குனிய வைத்து அண்ணாந்தாள் கட்டுவது, விரல்களைக் கிட்டியில் வைத்து நெருக்குவது எல்லாம் தாசில் கச்சேரியின் அன்றாட வழக்கமாயின. 1854-இல் இது லண்டன் பாராளுமன்றத்தில் பேச்சானது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழு 1855-இல் அறிக்கை தந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் அந்தக் குழுவுக்கு வந்து சேர்ந்தன. வருவாய்த் துறையையும் காவலையும் பிரித்தே ஆகவேண்டும் என்ற முடிவுக்கு அரசு வந்தது அதன் பிறகுதான்.

பிரித்தால் புதிய காவல்துறைக்கு யார் தலைவர்? தருமபுரித் தலையாரியின் தலைமேல் கடைசியில் வந்து உட்கார்ந்தவர் யார், அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று தேடினால் அந்த வழி இங்கிலாந்துக்குப் போகிறது. அங்கே ஒரு கடற்படை அதிகாரியின் கதையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்த வாரம் அவரோடு கொஞ்சம் இருக்கப்போகிறோம்.

ஜான் பஞ்ச் பானமேசான் மெக்ஹார்டி என்பது அவர் பெயர். சிறுவனாகவே பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தவர். அவர் வளர்ந்து அதிகாரியான காலம் கடற்படைக்காரர்களுக்குப் பொல்லாத காலம். நெப்போலியனோடு நடந்த போரின் உச்சத்தில் 1,40,000 பேருக்கு மேல் கடற்படையில் இருந்தார்கள். 1815-இல் போர் முடிந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 20,000 அளவுக்கு இறங்கிவிட்டது. மாலுமியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதிகாரியை அப்படி அனுப்ப முடியாது. அவர் கையில் அரசரின் நியமனப் பத்திரம் இருக்கிறது. எனவே கப்பல் கிடைக்காத அதிகாரிகளை அரைச் சம்பளத்தில் கரையில் உட்கார வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படி உட்கார்ந்தார்கள். பலருக்கு அதன்பின் கப்பலே கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. கேப்டன் பட்டியலில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால், மேலே இருப்பவர் இறக்க இறக்கக் கீழே இருப்பவர் தானாக மேலே போவார். கடலையே பார்க்காமல் இருபது முப்பது ஆண்டு கழித்து அட்மிரல் ஆகிவிடலாம். பதவி உயரும், வேலை இருக்காது. குடும்பம், பிள்ளைகள், கௌரவமான வீடு எல்லாவற்றையும் அரைச் சம்பளத்தில் நடத்தவேண்டும். சிறைக் கண்காணிப்பாளர், துறைமுக அதிகாரி, கடலோரக் காவல் அதிகாரி என்று எந்த வேலைக்கு விளம்பரம் வந்தாலும் கடற்படைப் பெயர்கள் வரிசையில் நின்றது அதனால்தான். அவர்களைப் பதவி ஆசை பிடித்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நாட்டுக்காகப் பன்னிரண்டு பதிமூன்று வயதில் கப்பலேறியவர்களை, வேலை முடிந்தது என்று நாடே கரையில் இறக்கிவிட்டது.

1839 ஆகஸ்டில் இங்கிலாந்தில் கவுண்டி போலீஸ் சட்டம் வந்தது. லண்டனுக்கு 1829-இலேயே ராபர்ட் பீல் காவல்துறை அமைத்துவிட்டார். கிராமப்புற மாவட்டங்கள் பத்தாண்டு காத்திருந்தன. புதிய சட்டப்படி ஒவ்வொரு கவுண்டியின் மாஜிஸ்திரேட்டுகளும் விரும்பினால் காவல்துறை வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தலைவரான சீஃப் கான்ஸ்டபிளை அவர்களே தேர்ந்தெடுத்து உள்துறை அமைச்சரின் ஒப்புதலுக்கு அனுப்பவேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் உள்துறை விதிகள் வெளியாயின. சீஃப் கான்ஸ்டபிளுக்கு வயது 45-ஐத் தாண்டக்கூடாது. உடல்நலச் சான்றும் நன்னடத்தைச் சான்றும் வேண்டும். சம்பளம் ஆண்டுக்கு 250 பவுண்டிலிருந்து 500 பவுண்டு வரை. சாதாரண கான்ஸ்டபிளுக்கோ வாரத்துக்கு 15 ஷில்லிங் முதல் 21 ஷில்லிங் வரை. அவன் 40 வயதுக்குட்பட்டவனாக, ஐந்தடி ஏழங்குல உயரத்துக்குக் குறையாதவனாக, எழுதப் படிக்கத் தெரிந்தவனாக இருக்கவேண்டும். காவல் வேலையில் முன் அனுபவம் வேண்டும் என்று தலைவரிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்டது வேறு. அந்த மாஜிஸ்திரேட்டுகள் எல்லாரும் நிலக்கிழார்கள், பாதிரிமார்கள். தங்களோடு மேசையில் சமமாக உட்கார்ந்து சாப்பிடத் தகுதியுள்ளவரைத்தான் அவர்கள் தேடினார்கள். விண்ணப்பிப்பவருக்கு முக்கியம் நற்சான்றுக் கடிதங்கள்தாம். தன்னோடு பணிசெய்த கேப்டன், தெரிந்த பிரபு, உறவில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் என்று கடிதம் திரட்டி, அவற்றை அச்சிட்டு மாஜிஸ்திரேட்டுகளுக்கு அனுப்புவது அக்கால விண்ணப்பதாரர்களின் வழக்கம். நம் ஊரில் வேலைக்குப் போகுமுன் பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பதைப் போன்ற காரியம்தான் அது.

1840 பிப்ரவரி 11-ஆம் தேதி எசெக்ஸ் கவுண்டியின் முதல் சீஃப் கான்ஸ்டபிளாக மெக்ஹார்டி நியமிக்கப்பட்டார். மற்றக் கவுண்டிகள் பெரும்பாலும் தரைப்படைக் கேப்டன்களையும் கர்னல்களையும் தேடிக்கொண்டிருந்தபோது எசெக்ஸ் கடற்படைக்காரரை எடுத்தது தற்செயல் இல்லை. தேம்ஸ் முகத்துவாரத்திலிருந்து வடக்கே நீளும் அந்தக் கடலோரம் முழுக்கச் சதுப்பும் கழிமுகமும். புகையிலையும் சாராயமும் இரவில் கரையேறும் இடம். கள்ளக்கடத்தலைத் தடுக்க 1822-இல் அமைந்த கடலோரக் காவல்படையில் மெக்ஹார்டி பணிசெய்திருந்தார்.

இந்த இடத்தில் அவருக்கு உரிய நியாயத்தைச் செய்யவேண்டும். போர்க்கப்பலில் கற்றது காவல் வேலைக்கு உதவியிருக்காது. கப்பலில் எல்லாரும் அதிகாரியின் கண்முன் இருப்பார்கள். காவல் வேலை அதற்கு நேர்மாறு. ஆளுக்கு ஆள் பல மைல் தள்ளி, இருட்டில், மேற்பார்வை இல்லாமல் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களை ஒழுங்காக வைத்திருப்பது எப்படி என்பதைக் கடலோரக் காவல்படை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தது. சிறு சிறு நிலையங்கள், குறித்த இடத்தில் குறித்த நேரத்தில் இரண்டு ரோந்துக்காரர்கள் சந்திப்பது, ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பு, உள்ளூர் ஆட்களோடு ஒட்டிக்கொள்ளாதபடி சொந்த ஊரைவிட்டுத் தள்ளிப் பணியமர்த்துவது. இன்று பென்னாகரத்திலோ அரூரிலோ ஒரு காவலர் பீட் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறாரே, அந்த முறையின் மூதாதைகளில் ஒன்று அந்த உப்புக்காற்றுப் பாதைகளில் இருக்கிறது.

ஏறத்தாழ நூறு கான்ஸ்டபிள்களோடு தொடங்கிய அந்தப் படையை மெக்ஹார்டி 41 ஆண்டுகள் நடத்தினார். செம்ஸ்ஃபோர்டை அடுத்த ஸ்பிரிங்ஃபீல்டில் தலைமையகம். செலவைப் பற்றி முணுமுணுத்த வரிதாரர்களுக்கு அவர் கணக்கோடு பதில் சொன்னார். எடை அளவுகளைச் சோதிப்பது, நாடோடிகளுக்கு நிவாரணம் தருவதைக் கவனிப்பது போன்ற வேலைகளையும் காவலரிடம் கொடுத்தால் மிச்சமாகும் பணமே காவல்துறையின் செலவுக்கு ஈடாகும் என்பது அவர் வாதம். 1853-இல் காவல்துறை பற்றி விசாரித்த பாராளுமன்றக் குழுவின் முன் அவர் சாட்சி சொன்னார். மூன்றாண்டில், எல்லாக் கவுண்டிகளும் காவல்துறை வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. 1881-இல் அவர் ஓய்வுபெற்றபோது எசெக்ஸ் மக்கள் அவரை அட்மிரல் என்றே அழைத்தார்கள். கரையில் காவல்துறை நடத்திக்கொண்டிருந்தபோதே கடற்படைப் பட்டியல் அவரை மேலே தூக்கிக்கொண்டு போயிருந்தது.

அவர் நல்ல நிர்வாகி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் வருத்தம் அந்தப் படையில் இருந்த கான்ஸ்டபிளைப் பற்றியது. எசெக்ஸின் சந்து பொந்தெல்லாம் அறிந்த ஒருவன் எத்தனை ஆண்டு இரவு நடந்தாலும், எத்தனை திருட்டைக் கண்டுபிடித்தாலும், மெக்ஹார்டியின் நாற்காலியைக் கனவிலும் நினைக்க முடியாது. இங்கிலாந்தின் நகரங்களில் அடிமட்டத்திலிருந்து உயர்ந்தவர்கள் காவல் தலைவர்களானார்கள். கிராமப்புறக் கவுண்டிகளில் மட்டும் அந்தக் கதவு ஜென்டில்மேன்களுக்கே திறந்தது. இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது இந்தக் கவுண்டி வழக்கம்தான்.

சென்னைக் கரைக்கு இந்த மாதிரி ஆள் புதிதும் இல்லை. கிறிஸ்டோபர் பைடன் என்ற கப்பல் கேப்டன் கம்பெனியின் கப்பல்களில் ஓடி, 1830-இல் கப்பல் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதி, பிறகு சென்னையில் கப்பல் போக்குவரத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அட்டெண்டன்ட் ஆனார். கடற்கரையின் மாஜிஸ்திரேட் அதிகாரமும் அவரிடம் இருந்தது. துறைமுகம் கட்டாத காலம் அது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் மசூலா படகுகளில் அலையைத் தாண்டிக் கரைசேரும். படகுக்காரர் கூலித் தகராறு, சரக்குத் திருட்டு, குடித்துவிட்டு அடிபோடும் மாலுமிகள் என்று எல்லாவற்றையும் அவர் தீர்த்துவைத்தார். திக்கற்ற மாலுமிகள் மேல் இரக்கமுள்ளவர். 1858 பிப்ரவரி 25-இல் காலமானார். செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அவருக்கு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. அமெரிக்க முன்னாள் அதிபர் பைடனோடு இவரை உறவுபடுத்திச் சில ஆண்டுகளுக்கு முன் செய்திகள் வந்தன. அந்த உறவு நிரூபிக்கப்படவில்லை. கடல் அறிந்தவரைக் கடற்கரைக்கு வைத்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. கடலிலிருந்து வெகுதூரத்திலுள்ள தருமபுரிக்கு யாரை வைப்பது?

1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம் சென்னை மாவட்டக் காவல்துறையை உருவாக்கியது. வில்லியம் ராபின்சன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல். பின்னாளில் 1875-இல் சில மாதங்கள் தற்காலிகக் கவர்னராகவும் இருந்தவர். அயர்லாந்துக் கான்ஸ்டாபுலரியின் படை ஒழுங்கும், சிந்துவில் 1843-இல் சார்லஸ் நேப்பியர் அமைத்த காவலின் அனுபவமும், இங்கிலாந்துக் கவுண்டிகளின் வடிவமும் இந்தப் புதிய அமைப்பில் கலந்திருந்தன. 1860-இன் அகில இந்தியக் காவல் ஆணையத்திலும் ராபின்சன் உறுப்பினர். அதன் விளைவுதான் 1861-இன் 5-ஆவது சட்டம்.

மாவட்ட சூப்பரின்டெண்டென்ட் பதவிகளுக்கு ஆள் எங்கிருந்து கிடைத்தது? 1857-க்குப் பின் இந்தியப் படைகள் கலைத்து மாற்றியமைக்கப்பட்டன. ரெஜிமென்ட் இல்லாத அதிகாரிகள் பெருகினார்கள். 1861-இல் ஸ்டாஃப் கோர் என்ற அமைப்பு உருவானது. அதில் சேர்ந்தவர் சிவில் வேலையில் இருந்தாலும் ஆண்டுக் கணக்கில் கேப்டன், மேஜர், கர்னல் என்று உயர்ந்துகொண்டே போகலாம். மெக்ஹார்டி கரையிலிருந்தே அட்மிரல் ஆன அதே ஏற்பாடு. 1863-இல் பம்பாயை மையமாகக் கொண்டிருந்த இந்தியக் கடற்படையையும் கலைத்தார்கள். அதன் அதிகாரிகளும் ஓய்வூதியத்தோடு கரையேறினார்கள். மாவட்டக் காவல் தலைமை, வேலையிழந்த வெள்ளை அதிகாரிகளுக்கு வாழ்வாதாரம் ஆனது.

சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகாவாக இருந்த தருமபுரி இப்படித்தான் அந்தக் காவலின் கீழ் வந்தது. மன்றோ ஏழாண்டு சுற்றிக் கற்றதை, மாற்றலில் வந்து மாற்றலில் போகும் ஒருவர் கற்றுக்கொள்ள நேரம் இல்லை. தொப்பூர் கணவாயின் வண்டிப்பாதையில் என்ன நடக்கிறது, பாலக்கோட்டுச் சந்தைக்கு யார் வந்துபோகிறார் என்பதைத் தலையாரியும் ஹெட் கான்ஸ்டபிளும்தான் அவருக்குச் சொல்லவேண்டும்.

அறியாமை குறிப்பேடாக மாறும்போது ஆபத்து பெரிதாகிறது. 1892-இல் சென்னைக் காவல் அதிகாரி முல்லாலி, ராஜதானியின் 'குற்ற வகுப்பினர்' என்று ஒரு புத்தகமே எழுதினார். குறவர் உட்படப் பல சமூகங்களை, பிறந்த குழந்தை முதல் குற்றவாளிகளாகப் பார்க்கும் பார்வை அதில் இருந்தது. உப்பும் தானியமும் மாட்டில் ஏற்றி விற்றுப் பிழைத்தவர்களை ரயிலும் உப்புச் சட்டமும் தெருவில் விட்டதை அந்தக் கண்கள் சரியாகப் பார்க்கவில்லை. 1911-க்குப் பின் குற்றப் பரம்பரைச் சட்டம் இங்கே இறங்கியபோது இத்தகைய குறிப்புகளே ஆதாரமாயின. பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள் ஊரைவிட்டு வெளியே போக அனுமதி கேட்கவேண்டிய நிலை வந்தது. 1947-இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கும்வரை அந்த வேதனை ஓயவில்லை.

சிபாரிசில் பதவி கொடுக்கும் வழக்கம் 1893-இல் உடைந்தது. லண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. ஆனால் அந்தத் தேர்வை எழுத ஐரோப்பிய வம்சத்தவராக இருக்கவேண்டும். 1902-இல் அமைந்த ஆண்ட்ரூ ஃபிரேசர் ஆணையம் காவல்துறையின் ஊழலையும் கொடுமையையும் ஒளிக்காமல் எழுதியது. அதன் பரிந்துரையால் இந்தியர்களுக்கென டெபுடி சூப்பரின்டெண்டென்ட் பதவி வந்தது. நாற்காலிக்கு ஒரு படி கீழே. இந்தியாவிலேயே தேர்வெழுதி மேல் பதவிக்குள் நுழையும் வழி 1920-களின் தொடக்கத்தில்தான் திறந்தது.

தலையாரி என்ன ஆனான் என்று நீங்கள் கேட்பது நியாயம். புதிய காவல்துறை வந்தபின்னும் அவன் கிராமத்தில் இருந்தான், ஊர் முன்சீபின் கீழ், தகவல் சொல்லும் ஆளாக. தானியமும் மானியமும் போய் அரசின் சொற்பச் சம்பளம் வந்ததில் அவன் இழந்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.