கோவிவனின் கால்வழி

நாயைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நம் சங்கத்து அன்பர் சிலர் எண்ணக்கூடும். வைவதற்கு நாயின் பெயரையே முதலில் எடுக்கும் மக்கள் நாம். அடியார்களும் தம்மைத் தாழ்த்திக்கொள்ள விரும்பியபோது நாயையே உவமையாகக் கொண்டனர். ஆயினும் இந்தத் தமிழ்நாட்டிலேதான் ஒரு நாய்க்குப் பெயரும் உருவும் கல்லில் பொறித்து வைத்தார்கள். அதற்கு இப்போது ஏறத்தாழ 1400 ஆண்டு ஆகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே கிடைத்த நடுகல் ஒன்று முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வில்லேந்தி நிற்கும் அவ்வீரன் அருகே ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து, தன் தலைவனுக்குக் காவலாக நின்றது என்று அதற்கெனத் தனியே எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். வீரனைப் பெற்ற தாயின் பெயர் கல்லில் இல்லை; நாயின் பெயர் இருக்கிறது!

மூன்று நூற்றாண்டு கழித்துக் கன்னட நாட்டில் மற்றொரு கல் எழுந்தது. 949ஆம் ஆண்டு நிகழ்ந்த தக்கோலப் போரை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் துஞ்சியது அந்தப் போரிலேதான். அவனை வீழ்த்திய கங்க மன்னன் பூதுகன், தன் வீரனாகிய மணலேரனின் ஆண்மையை மெச்சி, வேண்டுவது கேள் என்றான். ஊரோ பொன்னோ கேட்டிருக்கலாம். மணலேரன் கேட்டதோ காளி என்னும் வேட்டைநாயை! பின்னர் அந்நாய் ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் ஒருசேர மாண்டன. ஆதகூரில் அதற்குக் கல் நாட்டி, நிலமும் விட்டு, நாள்தோறும் பூசை முடிக்காமல் பூசகர் உணவு கொள்ளலாகாது என்றும் விதித்தார்கள். சோழ நாட்டின் தலைவிதியை மாற்றிய ஒரு போரின் பரிசாக நாய் கேட்கப்பட்டது என்றால், அந்த நாய் தெருவில் அலைந்த நாயாக இருந்திருக்க இயலாது. தேர்ந்து வளர்த்த கால்வழி ஒன்று அக்காலத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம்.

இந்திய நாய்களின் புகழ் கடல் கடந்தும் சென்றிருக்கிறது. பாபிலோனை ஆண்ட பாரசீக ஆளுநன் ஒருவன் தன் இந்திய நாய்களுக்கு உணவளிக்கும் பொறுப்பை நான்கு பேரூர்களிடம் விட்டு, மற்ற வரிகளை அவ்வூர்களுக்குத் தள்ளிவிட்டான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார்.

நம் கிழக்கேகோட்டையிலிருந்து இந்த வரலாற்றின் நடுநிலத்துக்குச் செல்ல நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் பாண்டி நாட்டுச் சரக்கு வந்த ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை அவ்வூர் நம் திருவிதாங்கூரோடும் பின்னர்த் திருக்கொச்சியோடும் இருந்தது. அங்கிருந்து தென்காசி வழியே வடக்கே மலையடிவாரத்தைப் பற்றிச் சென்றால் இராசபாளையம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா பிறந்த ஊர். பஞ்சாலைக்கும் பெயர் பெற்றது. ஆயினும் உலகத்தார் பலர் அவ்வூர்ப் பெயரை அறிந்தது ஒரு வெள்ளை நாயினால்தான்.

விசயநகரப் பேரரசின் வழியாகத் தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் இந்நாயைப் போற்றி வளர்த்தனர். பாளையக்காரர் அரண்மனைகளில் இது காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் நின்றது. பாளையக்காரர் போரில் இந்நாய்கள் இரவில் ஆங்கிலேயரின் குதிரை லாயங்களில் பாய்ந்தன என்று அப்பகுதியினர் பெருமையோடு கூறுவர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. செவிவழிச் செய்தியாக அதை வைத்துக்கொள்வோம். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளோடு அதனை ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

இராசபாளையத்துக்குத் துணையாக மூன்று பெயர்களைச் சொல்ல வேண்டும். கரிசல் நிலத்து முயல் வேட்டைக்கென்றே ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் பெற்றது சிப்பிப்பாறை. கருநிற மேனியில் செம்பழுப்புத் திட்டுடையது கன்னி. மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். இவ்விரண்டும் நிற வேற்றுமை கொண்ட ஒரே இனமே என்று வாதிடுவோரும் உளர். மூன்றாவது, தேனி மாவட்டத்து மலையடியில் உள்ள கோம்பை ஊரின் பெயர் தாங்கிய நாய். சிவந்த மேனி, கரிய முகவாய், முன்கோபம்.

ஊருக்கு ஓர் இனமாக இவ்வாறு வளர்ந்தவற்றுக்கு ஏடும் எழுத்தும் கிடையாது. எந்தக் கடுவன், எந்தப் பெட்டை, எந்த ஈற்று என்பதெல்லாம் வளர்த்தவர் நெஞ்சிலேயே இருந்தன. எழுதி வைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே 1859ஆம் ஆண்டு நியூகாசில் நகரில் வேட்டைநாய்கள் 60ஐ நிறுத்தி ஒரு கண்காட்சி நடத்தினர். வென்றவர்க்குப் பரிசு துப்பாக்கி! 1873இல் கென்னல் கிளப் தோன்றியது. ஒவ்வொரு நாய்க்கும் தந்தை, தாய், பாட்டன், பாட்டி எழுதிய பதிவேடு அடுத்து வந்தது. 1891இல் நாய் ரொட்டி வணிகத்தில் வளர்ந்த சார்லஸ் கிரஃப்ட் என்பவர் தம் பெயரால் தொடங்கிய கண்காட்சி இன்றும் உலகில் முதன்மையானது. சாதி பார்ப்பதை நாம் மனிதரிடையே ஒழிக்க முயலும்போது வெள்ளையர் அதை நாய்களிடையே நிலைநாட்டினர் என்று நம் நண்பர் ஒருவர் நகையாடுவதுண்டு.

ஆங்கிலேயர் வழியே இவ்வழக்கம் நம் நாட்டுக்கும் வந்தது. உதகையில் அவர்கள் நரி கிடைக்காத குறையைப் போக்கக் குள்ளநரியைத் துரத்தினர். அதற்கும் இங்கிலாந்து நாய்களே வேண்டியிருந்தன. தென்னிந்திய கென்னல் கிளப் கோடையில் உதகையில் நடத்தும் கண்காட்சி இன்றும் புகழ் பெற்றது. இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் அக்களங்களில் நெடுங்காலம் முன்வரிசை பெற்றவை கடல் கடந்து வந்த இனங்களே. நம் ஊர் நாய்க்குப் பதிவும் இல்லை, இலக்கணமும் எழுதப்படவில்லை. 1963இல் டபிள்யூ.வி.சோமன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி வெளியிட்டபோது, அது காட்டில் ஒற்றைக் குரலாகவே ஒலித்தது.

இதற்கிடையே நாய்களைப் புரந்தவர் கையும் தளர்ந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்து ஜமீன்கள் ஒழிந்தன. உழுதவனுக்கு அது விடிவு, அதில் ஐயமில்லை. அரண்மனைக் கொட்டிலில் இருபது முப்பது நாய்களுக்குக் கம்பங்கூழும் இறைச்சியும் இட்ட கை மட்டும் அன்றோடு நின்றது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. அதுவும் வேண்டிய சட்டமே. ஆனால் ஓடப் பிறந்த நாய்க்கு ஓடும் தொழில் போயிற்று. பொமரேனியனும் அல்சேஷனும் நகரத்து வீடுகளில் ஏறி அமர்ந்தன.

அந்த இடைவெளியில் இந்த இனங்களைக் காத்தவர்கள் பேரரசரும் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். இராசபாளையத்திலும் சிப்பிப்பாறைப் பக்கத்துச் சிற்றூர்களிலும் வீட்டுக்கு இரண்டு மூன்று நாயாக வைத்திருந்த குடும்பங்களே. அவர்கள் பணியின் அளவைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். பெட்டை நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாள். பிறந்த குட்டி இணைசேரத் தகுதி பெறவும், அதன் குணம் வெளிப்படவும் இரண்டு மூன்று ஆண்டு ஆகும். ஒருவர் இருபத்தைந்து வயதில் தொடங்கி அறுபத்தைந்து வரை இத்தொழிலிலேயே நின்றாலும், பதினைந்து தலைமுறைகளுக்கு மேல் அவர் கண்ணால் காண இயலாது. செய்த தேர்வு சரியா தவறா என்பது பேரக் குட்டியிலேயே தெரியும். ஓர் ஆயுள் என்பது இத்தொழிலில் மிகச் சிறிய அளவு.

கண்காட்சிக் களத்தில் நடுவர் பல்லைப் பார்ப்பார். தோள் உயரத்தை அளப்பார். ஓடவிட்டு நடையைப் பார்ப்பார். இராசபாளையத்துக்கு 65 முதல் 75 செ.மீ. உயரமும், தூய வெண்மையும், இளஞ்சிவப்பு மூக்கும் அழகென்று கொள்வர். இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பெண்பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் நிறம் பார்ப்பது போலவே இதுவும் ஆகிவிட்டது. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவிக்கும் வேண்டியவை. அவை இல்லையேல் ஒலியை வாங்கும் நுண்மயிர்கள் பிறந்த சில வாரங்களிலேயே பட்டுப்போகும். வெண்மையையே தேடித் தேடி இணைத்தமையால் இராசபாளைய நாய்களில் செவிடு பிறப்பது ஒரு குறையாக நின்றுவிட்டது. டால்மேஷன் இனத்திலும் இதே கதைதான். வளர்ப்போர் தொகை குறைந்து, நெருங்கிய உறவிலேயே இணைசேர்க்க நேர்ந்தது இதை மேலும் மிகுவித்தது. காவல் நாய்க்குக் காதைவிட மூக்கின் நிறம் பெரிதா என்று கேட்கும் துணிவு நடுவர்களுக்கு வேண்டும்.

அரசும் இதில் கை வைத்தது. 1980ஐ ஒட்டித் தமிழக அரசு சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய் இனப்பெருக்க நிலையம் ஒன்றை அமைத்தது. 2005 சனவரி 9இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய் ஆகியவற்றோடு இராசபாளையமும் இடம்பெற்றது. சைதாப்பேட்டை நிலையமோ, விலங்கு நலம் நாடுவோர் தொடுத்த வழக்கில், 2016இல் உயர்நீதிமன்ற ஆணையால் மூடப்பட்டது. கூண்டில் நாய்கள் படும் துன்பத்தை அவர்கள் காட்டினர். நாட்டினம் அழியும் என்று மற்றவர் வருந்தினர். இரு திறத்தாரும் நாயின் பொருட்டே பேசினர் என்பதை நாம் மறுக்க மாட்டோம். சீர்திருத்த வேண்டியதை மூடியது பெரும் இழப்பு என்பது நம் கருத்து. 2017இல் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களுக்கென்று ஒரு நூல் தந்தார். அதன்பின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் நாட்டினங்களாகப் பதிவு செய்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நம் அன்பர் எவரேனும் கணவாய் கடந்து குட்டி வாங்கப் புறப்பட்டால், சில சொற்கள். நம் அக்கிரகாரத்து ஒட்டு வீடுகள் இந்நாய்களுக்கு உகந்தவை அல்ல. ஓட இடமுள்ளவர் மட்டும் எண்ணுக. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்பது 2017ஆம் ஆண்டு விதிகளின்படி குற்றம். தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லுங்கள். குட்டியை உடன்பிறப்புகளினின்று பிரித்துத் தனியே நிறுத்தி, அது பாராத திசையிலிருந்து கை தட்டுங்கள். கூட்டத்தில் இருக்கும்போது செவிட்டுக் குட்டியும் மற்றவை திரும்புவதைக் கண்டு தானும் திரும்பும்.