ஜெராக்ஸ் போன வழி

தேவிகாபுரத்தில் பட்டு நெசவாளி ஒருவர் அரசு உதவி எதற்காவது மனு போட்டால், முதலில் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போகவேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றுக்கும் காப்பி. அந்த மெஷினைத் தொடவே அரசாங்கத்தின் அனுமதி தேவைப்பட்ட நாடும் இருந்தது.

1938 அக்டோபர் 22. நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் பரபரவென்று தேய்த்து மின்னேற்றி, ஒளி காட்டி, பொடி தூவினார். அன்றைய தேதியும் ஊர்ப்பெயரும் மெழுகுத்தாளில் பதிந்தன. அதுதான் முதல் ஜெராக்ஸ். 1959-இல் அறிமுகமான ‘ஜெராக்ஸ் 914’ ஏறத்தாழ 300 கிலோ.

கம்யூனிஸ்ட் ஹங்கேரியில் நகல் மெஷின் பூட்டுக்குள் இருந்தது. புடாபெஸ்ட்டில் பிறந்து அமெரிக்காவில் பணம் குவித்த ஜார்ஜ் சோரோஸ், 1984-இல் அந்நாட்டு அறிவியல் அகாதமியோடு ஒப்பந்தம் போட்டு அங்கே அறக்கட்டளை தொடங்கினார். நூலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மெஷின்களைத் தந்து, உள்ளூர் நாணயமான ஃபோரிண்டாக விலை வாங்கிக்கொண்டார். அந்த ஃபோரிண்ட் உதவித்தொகையாகத் திரும்ப உள்ளூருக்கே போனது. கெட்டிக்கார ஏற்பாடு. மெஷின்தான் ஆட்சியைக் கவிழ்த்தது என்பது மிகை. ஆனால் யார் எத்தனை காப்பி எடுத்தார்கள் என்ற கணக்கு அரசின் கையைவிட்டுப் போனது. 1989-இல் அந்த அறக்கட்டளையின் உதவியில் ஆக்ஸ்ஃபோர்டு போனவர்களில் ஒருவர் விக்டர் ஓர்பான். பிரதமரான பிறகு, 2018-இல், சோரோஸின் பெயர் சொல்லியே ஒரு சட்டம் கொண்டுவந்தார். சோரோஸ் அறக்கட்டளைகளின் புடாபெஸ்ட் அலுவலகம் பெர்லினுக்குப் பெயர்ந்தது.

நம் நாட்டில் கதை தலைகீழ். மெஷின் தெருவில், அரசுக் காகிதம் பூட்டுக்குள். 1996-இல் ராஜஸ்தானின் பியாவரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 40 நாள் தர்ணா இருந்தது. கூலிப் பதிவேடு, பில், வவுச்சர் இவற்றின் ஜெராக்ஸ் வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. வெளிநாட்டு நிதி எதுவும் இல்லை. ஊர்க்காரர்கள் தானியமும் காய்கறியும் கொடுத்தார்கள். 1997-இல் தகவல் உரிமைக்குத் தமிழ்நாடு சட்டம் போட்டது. மத்தியச் சட்டம் 2005-இல் வந்தது. மனுவுக்குப் பத்து ரூபாய், பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

தேவிகாபுரத்து நெசவாளி தன் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைக் கேட்டால்? கூட்டுறவுச் சங்கம் என்பதாலேயே அது தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வந்துவிடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசின் கணிசமான நிதியோ ஆழமான கட்டுப்பாடோ இருக்கவேண்டும். ஆனால் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் சட்டப்படி வாங்கக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே மனுவைச் சங்கத்துக்கு அல்ல, நெசவாளர் சங்கங்களுக்குப் பதிவாளர் அதிகாரம் உள்ள கைத்தறித் துறைக்கு எழுதவேண்டும்.