அரிவாள், நரம்பு, சங்கிலி



கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால், புதுச்சேரியில் காலி மனை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஒரே கவலைதான். இடுப்பு உயரத்துக்குப் புல், அதற்குள் என்ன ஊர்கிறதோ என்ற பயம். முன்பெல்லாம் நாலு பெண்கள் அரிவாளோடு வந்து இரண்டு நாளில் அறுத்து, கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போவார்கள். புல் மாட்டுக்குப் போகும், மனையும் சுத்தமாகும். இப்போது தோளில் பிரஷ் கட்டர் மாட்டிய ஒரு தம்பி வருகிறார். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார். வந்ததும் அவர் கேட்பது, "ஐயா, நரம்பு போடட்டுமா, பிளேடு போடட்டுமா?" என்பதுதான். நம்மில் பலர் "எதையாவது போடுப்பா, சீக்கிரம் முடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறோம்.

அது அப்படி அலட்சியமாகப் பதில் சொல்லும் கேள்வி அல்ல. அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர் புரட்சி நாட்காட்டியின் மாதப் பெயர்களை ஒப்பிக்கச் சொல்வார். 1793-இல் கிறிஸ்தவ நாட்காட்டியைத் தள்ளிவிட்டுப் புரட்சி அரசு கொண்டுவந்தது அது. பெயர்களைச் சூட்டியவர் ஃபாப்ர் தெக்லாந்தீன் என்ற நாடகாசிரியர். பாவம், 1794 ஏப்ரலில் அவர் தலையே கில்லட்டினில் போயிற்று. அந்த நாட்காட்டியில் புனிதர்களின் பெயருக்குப் பதில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு செடி, காய், பிராணி என்று பெயர் வைத்தார்கள். பத்தாம் நாள்தோறும் ஒரு விவசாயக் கருவியின் பெயர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ப்ரேரியால் என்பது புல்வெளி மாதம். அதன் பத்தாம் நாள், நம் கணக்கில் மே 29, 'ஃபோ'வின் நாள். ஃபோ என்றால் ஆள் உயரப் பிடி போட்ட நீண்ட அரிவாள். நின்றபடியே இரு கையாலும் வீசி அறுப்பது. மெஸிதோர் என்பது அறுவடை மாதம். அதன் பத்தாம் நாள், ஜூன் 28, 'ஃபோஸிய்' நாள். இது நம்மூர்க் கதிர் அரிவாள் போன்ற சிறியது. அதாவது புல்லுக்குப் பெரியது, கதிருக்குச் சிறியது. முற்றிய கோதுமையைப் பெரிய அரிவாளால் வீசினால் மணி உதிரும். சிறிய அரிவாளால் பிடித்து அறுத்தால் உதிராது. எதற்கு எந்தக் கருவி என்ற விவரம் நாட்காட்டியிலேயே ஏறிவிட்டது. 1806 ஜனவரி 1-ஆம் தேதி நெப்போலியன் அந்த நாட்காட்டியை ஒழித்துவிட்டார். கருவிகள் மட்டும் வயலில் இருந்தன.

நம் ஊரிலும் இந்தப் பாகுபாடு இல்லாமலா? நெல்லுக்குப் பல் வைத்த கருக்கரிவாள். கிளை கழிக்கவும் முள் வெட்டவும் பல் இல்லாத, கனமான வெட்டரிவாள். கருக்கரிவாளால் முள்ளை வெட்டப் போனால் பெரியவர்கள் திட்டுவார்கள். இன்று கடையில் தொங்கும் 80 பல் வட்டப் பிளேடைப் பார்த்தால் கருக்கரிவாளை வளைத்து வட்டமாக்கியதுபோல் இருக்கும். மூன்று பல் பிளேடைப் பார்த்தால் மூன்று வெட்டரிவாளை ஒன்றாகக் கட்டியதுபோல் இருக்கும்.

புல் வெட்டுவதில் இயந்திரம் புகுந்தது 1830-இல். இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் பக்கத்தில் எட்வின் பட்டிங் என்ற பொறியாளர், கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, அதே மாதிரி உருளைக் கத்தியைப் புல்தரையில் உருட்டினால் என்ன என்று யோசித்தார். புல்வெட்டும் வண்டிக்கு அதுதான் ஆரம்பம். ஆனால் அது சமதளத்துக்கான வண்டி. வரப்பு, மேடு, மரத்தடி, வேலி ஓரம் ஆகிய இடங்களில் இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் அரிவாள்தான்.

அந்த இடத்தைப் பிடித்ததுதான் பிரஷ் கட்டர். காடுகளில் இளமரங்களையும் புதர்களையும் கழிக்க, சிறிய பெட்ரோல் எஞ்சினை ஒரு நீண்ட தண்டின் முனையில் வைத்து, மறுமுனையில் ரம்பப் பிளேடைச் சுழலவிட்டார்கள். பிரெஞ்சில் இதற்கு 'தெப்ரூஸாயேஸ்' என்று பெயர். 'ப்ரூஸாய்' என்றால் புதர், ஆகவே புதர் நீக்கி. பிரான்சின் தெற்குப் பகுதியில் இது தோட்டத்து ஆடம்பரம் அல்ல, சட்டக் கடமை. காட்டுத் தீ அபாயமுள்ள இடங்களில், காட்டை ஒட்டி 200 மீட்டருக்குள் வீடு இருந்தால், வீட்டைச் சுற்றி 50 மீட்டருக்குப் புதரைக் கழித்தே ஆகவேண்டும்.

இப்போது குமாஸ்தா புத்தி என்னை விடாது, ஒரு சின்னக் கணக்குப் போடுகிறேன். பிளேடின் குறுக்களவு 255 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு சுமார் 80 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 7000 சுற்று என்றால், பிளேடின் விளிம்பு நிமிடத்துக்கு 5600 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 336 கிலோமீட்டர்! அரிவாள் பிடித்தவர் கல்லில் பட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கும், கையை இழுத்துக்கொள்வார். இந்த வேகத்தில் போகும் இரும்பு கல்லில் பட்டால் நாம் இழுத்துக்கொள்ள நேரம் ஏது? கல் பறக்கும், அல்லது பிளேடு உதைத்து ஆளையே திருப்பிவிடும்.

ஆகவே வெட்டும் கருவியின் வரலாற்றில் ஒரு புதுக் கேள்வி வந்துவிட்டது. எவ்வளவு நன்றாக வெட்டும் என்பது பழைய கேள்வி. வெட்டக்கூடாத ஒன்றில் பட்டால் எது விட்டுக்கொடுக்கும் என்பது புதிய கேள்வி.

அதற்கு நல்ல பதில் சொன்னவர் ஜார்ஜ் பல்லாஸ். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக்காரர், நடனப் பள்ளி நடத்தியவர். 1971-இல் கார் கழுவும் நிலையத்தில் காரை விட்டிருக்கிறார். சுழலும் பெரிய பிரஷ்கள் காரைத் தேய்ப்பதைப் பார்த்தார். சுழலும்போது அந்த இழைகள் விறைத்து நிற்கின்றன, ஆனால் காரின் பெயின்டைக் கெடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு பாப்கார்ன் டின்னில் துளை போட்டு, நைலான் தூண்டில் நரம்பைக் கோத்து, மோட்டாரில் மாட்டிச் சுழற்றினார். புல் அறுந்தது, மரத்தின் பட்டைக்குப் பெரிய சேதமில்லை. 'வீட் ஈட்டர்' என்று பெயர் வைத்து விற்றார். 1977-இல் எமர்சன் எலெக்ட்ரிக் நிறுவனம் அவர் கம்பெனியை வாங்கியது. 2011-இல் காலமானார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், நைலான் இழை 1938-இல் முதலில் சந்தைக்கு வந்தது பல் தேய்க்கும் பிரஷ்ஷாகத்தான். பல் பிரஷ், தூண்டில், அதற்குப் பின் புல்! கல்லில் பட்டால் நரம்புதான் அறும். கருவி தன்னை இழந்துகொள்கிறது, அதுதான் அதன் சிறப்பு. வீட்டுச் சுவர் ஓரம், குழாய் பக்கம், கல் கிடக்கும் மனை ஆகியவற்றுக்கு நரம்பைவிட ஏற்றது இல்லை. ஆனாலும் நரம்பும் சிறு கல்லைத் தெறிக்கவைக்கும், இளங்கன்றின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் கன்று பிழைக்காது. அறுந்த துண்டுகளைப் பொறுக்காமல் விட்டால் மாட்டின் வயிற்றுக்குப் போகும்.

நரம்பு சீமைக்கருவேலத்திலும் உண்ணிச்செடியிலும் பட்டால் அறுந்துகொண்டே இருக்கும். அப்போது பிளேடு வேண்டியதுதான். தடித்த புல், பின்னிய கொடி என்றால் மூன்று பல். கட்டைவிரல் கனத் தண்டு என்றால் பல பல் உள்ள ரம்பப் பிளேடு.

இங்கேதான் சங்கிலி வந்து சேர்ந்தது. நரம்புக்குப் பதில் இரும்புச் சங்கிலித் துண்டுகளை மாட்டிய தலை அது. புல், முள், கட்டை எதுவானாலும் அடித்து நொறுக்கும். நரம்பின் மென்மையும் பிளேடின் வலிமையும் சேர்ந்தது என்று தோன்றும். உண்மை நேர் எதிர். பிளேடு ஒரே துண்டு. சங்கிலியோ பல கண்ணி. ஒவ்வொரு இணைப்பும் ஒவ்வொரு அடியிலும் தேய்கிறது. ஒருநாள் ஒரு கண்ணி விட்டுக்கொடுக்கிறது. நரம்பு அறுந்தால் பிளாஸ்டிக் துண்டு. கண்ணி அறுந்தால் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி.

பிரிட்டனில் ஓர் உயிர் போன விபத்துக்குப் பிறகு, ஐரோப்பிய ஆணையம் 2012 ஜனவரி 19-ஆம் தேதி ஒரு முடிவெடுத்தது. கையில் பிடிக்கும் பிரஷ் கட்டருக்கு, ஒன்றோடொன்று இணைந்த உலோகத் துண்டுகளால் ஆன இவ்வகைத் தலைகளை உறுப்பு நாடுகளில் விற்கவிடக் கூடாது என்பது அது. நம் பக்கம் கடைகளில் அது இன்னும் தொங்குகிறது, விலையும் மலிவு.

சென்ற ஆண்டு எங்கள் அடுத்த தெருவில் ஒரு தம்பி அதை மாட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தேன். மூடியும் இல்லை, கண்ணாடியும் இல்லை, காலில் ரப்பர் செருப்பு. "ஏம்ப்பா இது?" என்றேன். "மனைக்கு இவ்வளவுன்னு பேசிட்டாங்க ஐயா. நரம்பு போட்டா மத்தியானம் ஆயிடும், இன்னொரு வேலை போயிடும்" என்றார். அவர் சொன்னதில் கணக்குப் பிழை ஏதுமில்லை. எந்தத் தலையை மாட்டுவது என்பதை அவர் முடிவு செய்யவில்லை, கூலி பேசியவர் முடிவு செய்துவிட்டார்.

ஆகவே மனை வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வேலைக்கு முந்தின நாள் மனையில் நடந்து கல், கம்பி, பாட்டில் எல்லாம் பொறுக்கிவிடுங்கள். மேலோட்டமான புல்லுக்கு நரம்பு, முற்றிய செடிக்குப் பிளேடு என்று நீங்களே சொல்லுங்கள். தலைக்கு மேல் உள்ள காப்பு மூடியைக் கழற்றினால் வேலை வேண்டாம் என்று நிறுத்துங்கள். வேலை நடக்கும்போது 15 மீட்டருக்குள் பேரப்பிள்ளைகள், ஆடு மாடு யாரும் வரக்கூடாது. சங்கிலியைக் கொண்டுவந்தால், கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து அதைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

அந்தக் கூடுதல் பணம் ஒரு வேளை டிபன் செலவுதான். அந்தத் தம்பியின் கண்ணுக்கு அது அதிகமில்லை.