'ஒரே உரிமையாளர், டாக்டர் ஓட்டியது': பழைய கார் விளம்பர மொழி குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கவும்.)

தில்லியில் பழைய கார் விற்போர் இணையத்தில் இடும் விளம்பரங்களில் 'நான் ஆக்ஸிடென்டல்' என்றொரு தொடர் தவறாமல் இடம்பெறும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இது விளங்காது. 'தற்செயலாக நேராதது', அதாவது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று பொருள்கொள்வார். இந்தியாவிலோ 'விபத்தில் சிக்காத வண்டி' என்பது இதன் பொருள். அகராதி ஏறாத இத்தகைய தொடர்கள் இத்துறையில் இன்னும் பல உண்டு: 'சிங்கிள் ஓனர்', 'டாக்டர் டிரிவன்', 'ஷோரூம் கண்டிஷன்', 'ஜென்யூன் பயர்ஸ் ஒன்லி', 'நோ புரோக்கர்ஸ்'.

இவற்றை வெறும் விற்பனைப் புளுகு என்று ஒதுக்கிவிடுவது எளிது. இணையத்தில் கார் தேடி அலுத்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஏமாற்றுக்காரர்கள் பெருகிவிட்டனர் என்கிறார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. இத்தொடர்கள் இணையத்தில் பிறந்தவையல்ல. வேறொரு சந்தையில், வேறொரு ஊடகத்தில் பொருளும் எடையும் பெற்றவை. சொற்கள் மட்டும் இடம்பெயர்ந்தன. அவற்றுக்கு எடை தந்த ஏற்பாடுகள் பின்தங்கிவிட்டன. இன்று வாங்குபவர் அடையும் எரிச்சலுக்கு இந்த இடைவெளியே காரணம் என்பது என் கருத்து.

தாராளமயத்துக்கு முந்தைய இந்தியாவில் கார் என்பது காத்திருந்து பெறும் பொருள். உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: ஒரு நடுத்தரக் குடும்பத்தின் தெரிவு ஏறத்தாழ இம்மூன்றோடு முடிந்தது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதை உரிமம் தீர்மானித்தது. யாருக்கு எப்படிக் கொடுப்பது என்பதை 1959ஆம் ஆண்டின் மோட்டார் கார் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை நெறிப்படுத்தியது. 1969இல் அரசு விலையையும் நிர்ணயித்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தில்லியில் வேறொரு வாயிலும் இருந்தது. தூதரகத்தார் விட்டுச் சென்ற இறக்குமதிக் கார்கள் அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியே விற்பனைக்கு வந்தன. பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய நிலையில், இன்றே சாவி கைக்கு வரும் பழைய ஃபியட்டுக்குப் புதியதன் நிர்ணய விலையைவிடக் கூடுதல் தொகை கொடுக்கவும் ஆட்கள் இருந்தனர்.

இந்தச் சந்தையில் விற்பவர் காரைப் புகழத் தேவையில்லை. இரண்டு மூன்று மாடல்களே ஓடிய நாட்டில் அவற்றின் நோய் தெருமுனை மெக்கானிக் அனைவருக்கும் தெரியும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே விலை சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஐயம் எழுந்தது வண்டியைப் பற்றியல்ல, ஆளைப் பற்றியும் காகிதத்தைப் பற்றியும்தான். இது யாருடைய ஒதுக்கீட்டில் வந்த கார்? வரி பாக்கி உண்டா? பெயர் மாற்றக் கையெழுத்திட இவர் வருவாரா? எனவே விளம்பரம் பொருளுக்குச் சான்றளிக்காமல் மனிதருக்குச் சான்றளித்தது. 'டாக்டர் ஓட்டியது', 'இராணுவ அதிகாரி, மாற்றலாகிச் செல்கிறார்' என்பன அந்தக் கேள்விகளுக்கான விடைகள். மருத்துவருக்கு ஊரில் ஒரு முகவரியும் பெயர்ப்பலகையும் உண்டு. இராணுவ அதிகாரிக்கு மேலே ஓர் அமைப்பு உண்டு. பொய் சொன்னால் போய்க் கேட்க ஓர் இடம் இருந்தது.

நாளிதழின் வரி விளம்பரம் இதற்கு இன்னொரு காப்பைச் சேர்த்தது. சொல்லுக்கோ வரிக்கோ காசு. ஆகவே சொல் சுருங்கியது. சுருங்கியதால் ஒவ்வொரு சொல்லும் தேர்ந்தெடுக்கப்பட்டது. நகரப் பதிப்பில் வெளியாவதால் விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஊரினர். ஞாயிற்றுக்கிழமை காலை தொலைபேசியில் அழைத்து, அன்று மாலையே வண்டியை நேரில் பார்த்துவிடலாம். பக்கத்துப் பத்தியில் மணமகன் தேவை, வீடு வாடகைக்கு. மூன்று பத்திகளும் ஒரே மொழியில் பேசின. 'தரகர்கள் வேண்டாம்' என்பது மூன்றுக்கும் பொது. திருமண விளம்பரத்தின் 'நற்குடும்பம்' எப்படியோ, கார் விளம்பரத்தின் 'ஒரே உரிமையாளர்' அப்படி. (இவ்வொப்புமையைத் தனியே எழுத வேண்டும், இங்கே விரிப்பதற்கில்லை.)

பழைய கார் என்றதும் பொருளியல் மாணவர்கள் நினைவுகூர்வது ஜார்ஜ் அகர்லாஃபின் 'லெமன்ஸ்' கட்டுரையை. மூன்று இதழ்கள் மறுத்த அக்கட்டுரை 1970இல் வெளிவந்தது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அடிப்படையாயிற்று. காரின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். எனவே வாங்குபவர் எல்லாக் காருக்கும் சராசரி விலையே தருவார். நல்ல கார் வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க விரும்பாமல் விலகுவார். சந்தையில் கழிவே மிஞ்சும் என்பது அதன் சாரம். 1967–68இல் அகர்லாஃப் தில்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தார் என்பதையும், அக்கட்டுரையில் இந்திய வட்டிக்கடைக்காரரும் மேனேஜிங் ஏஜென்சிகளும் வருவதையும் நம் வகுப்பறைகள் அவ்வளவாகச் சொல்வதில்லை. கடையரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கல்லைப் பொறுக்கும் இந்தியக் குடும்பப் பெண்ணும் அதில் இருக்கிறார். நேர்மையின்மையின் செலவு ஏமாற்றப்பட்ட தொகை மட்டுமன்று. நேர்மையான வணிகம் நடக்காமலே போவதும் அதில் அடங்கும் என்று அவர் வாதிட்டார்.

மொழியியல் மாணவனாக எனக்கு இதில் ஒரு சிறு வியப்பு. அமெரிக்க வழக்கில் 'லெமன்' என்பது மேலே பளபளத்து உள்ளே கெட்டிருக்கும் கார். இந்தியில் 'கட்டாரா', தமிழில் 'ஓட்டை வண்டி', 'டப்பா' என்கிறோம். இவை கண்ணால் பார்த்தாலே தெரியும் சிதைவைக் குறிப்பவை. குறையை ஒளித்துவைத்த வண்டிக்கென ஒரு தனிச்சொல் நமக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை போலும்.

தேவை பின்னர் வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. அதற்கும் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் காத்திருந்தனர். பழைய பஞ்சத்தின் கடைசிக் காட்சி அது. 1993இல் கார் உற்பத்திக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. 1998இல் சான்ட்ரோவும் இண்டிகாவும் வந்தன. வங்கிக் கடன் பரவியது. மாடல்கள் பெருகப் பெருகத் தெருமுனை மெக்கானிக்கின் காது பயனிழந்தது. எலெக்ட்ரானிக்ஸ் நிறைந்த எஞ்சின் சத்தம் போட்டு நோயைச் சொல்வதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயரும் ஏறியது. ஆளையும் காகிதத்தையும் பற்றிய பழைய ஐயங்களோடு வண்டியைப் பற்றிய புதிய ஐயமும் சேர்ந்தது. அகர்லாஃப் வரைந்த சந்தை இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

சரியாக அந்நேரத்தில் விளம்பரம் இலவசமாயிற்று. 2000க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் கார்வாலே, ஓஎல்எக்ஸ், குவிக்கர், கார்தேக்கோ முதலியன தோன்றின. சொல்லுக்குக் காசில்லை, ஊருக்கு எல்லையில்லை, விளம்பரதாரரை நேரில் கண்ட பத்திரிகை அலுவலக எழுத்தர் இல்லை. 2004இல் பாஸி.காம் தளத்தில் ஒரு பயனர் விற்பனைக்கு இட்ட ஆபாசக் காணொளிக்காக அந்நிறுவனத்தின் தலைமை அலுவலர் கைது செய்யப்பட்டார். அவ்வழக்கு எழுப்பிய விவாதத்தின் பின்னணியில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு 2008இல் திருத்தப்பட்டது. உரிய கவனத்தோடு நடந்துகொள்ளும் இடைநிலையாளர், பிறர் இடும் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பாகமாட்டார் என்ற காப்பு விரிவடைந்தது. கருத்துச் சுதந்திரத்துக்கு அது தேவையான திருத்தமே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கார் வாங்குபவரின் பக்கம் நின்று பார்த்தால், 'ஒரே உரிமையாளர்' என்ற சொல்லுக்குப் பொறுப்பேற்க இடையில் எவரும் இல்லை என்பதே அதன் விளைவு. தனிமனிதருக்கிடையிலான விற்பனையில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. பொருளின் தரத்தை வாங்குபவரே ஆராய்ந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் 16ஆம் பிரிவின் பொதுநிலை.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் குடும்பத்துக்காகச் சில வாரங்கள் இத்தகைய விளம்பரங்களைத் தேடினேன். தளத்தின் பெயர் இங்கே முக்கியமன்று. ஒரே படம் மூன்று பெயர்களில், மூன்று விலைகளில் இருந்தது. 'உரிமையாளர்' என்று குறிப்பிட்டிருந்த எண்ணை அழைத்தால், "அந்த வண்டி நேற்றே போய்விட்டது ஜி, வேறு ஏழெட்டு வண்டி இருக்கிறது, கரோல்பாக் வாருங்கள்" என்ற பதில். 'தரகர்கள் வேண்டாம்' என்று எழுதியிருந்தவர்களில் தரகர்களே மிகுதி. அவர்களைக் கடிந்துகொண்டு பயனில்லை. தரகருக்கு எதிரான தொடர்தான் தரகரல்லாதவரின் அடையாளம் என்று சந்தை கற்பித்திருக்கிறது. அதை அவர்கள் எடுத்து அணிந்துகொண்டார்கள். போலி செய்யச் செலவே இல்லாத அடையாளம் நெடுநாள் அடையாளமாக நீடிக்காது.

இதன் கொடிய வடிவம் இராணுவ வீரர் மோசடி. மாற்றலாகிச் செல்லும் இராணுவ வீரர் தம் காரையோ பைக்கையோ சகாய விலையில் விற்கிறார். அடையாள அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். வண்டியை இராணுவப் போக்குவரத்தில் அனுப்பிவைக்க முன்பணம் கேட்கிறார். பணம் போகும், வண்டி வராது. பல மாநிலக் காவல்துறைகள் இதைப் பற்றி எச்சரித்திருக்கின்றன. இதில் ஏமாந்தவர்களை அறிவிலிகள் என்று நகைப்போர், மோசடிக்காரர்கள் தேர்ந்தெடுத்த பாத்திரத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் புதிதாக எதையும் புனையவில்லை. நாளிதழ் விளம்பரம் உருவாக்கித் தந்த மிக நம்பகமான விற்பனையாளரை, அவர் ஊரைவிட்டுப் போகும் காரணம் உட்பட, அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 'மாற்றல்' என்ற சொல் முன்பு, நல்ல காரை ஏன் விற்கிறார் என்ற ஐயத்தைத் தீர்த்தது. இப்போது, ஏன் நேரில் வரமுடியாது என்பதற்குச் சமாதானமாகிறது.

தில்லிக்கே உரிய ஒரு பொருள் மாற்றமும் உண்டு. 'என்ஓசி கிடைக்கும்' என்ற தொடர் முன்பு, வேறு மாநிலத்துக்கு எடுத்துச் செல்வோருக்கான ஒரு நடைமுறை உறுதி மட்டுமே. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. பெட்ரோல் வண்டிக்கு வரம்பு 15 ஆண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இத்தடையைச் செயல்படுத்தச் சொன்னது. அதன்பின் அதே தொடர், 'இவ்வண்டிக்கு இவ்வூரில் ஆயுள் முடிகிறது' என்று ஒலிக்கத் தொடங்கியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் படத்தை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இக்குறிப்பு கேட்பதில்லை. ஒன்பதாண்டு ஓடிய நல்ல டீசல் காரை அடிமாட்டு விலைக்கு விற்கும் நேர்மையான தில்லிக்காரரையும் அவர் ஐயுறுகிறார்.

இதுவரை வாங்குபவரின் துயரத்தையே பேசினேன். விற்பவருக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 50ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நடப்பில், கையெழுத்திட்ட 29, 30ஆம் படிவங்களை வெற்றாகக் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். வண்டி கைமாறிக் கைமாறிச் செல்ல, ஆர்.சி.யில் முதல் பெயரே நிற்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரித்தது அத்தகைய ஒரு காரைத்தான். 2007இல் விற்றுவிட்டதாக முதல் உரிமையாளர் சொன்னார். அதன்பின் பலர் கைக்குச் சென்ற அக்கார் 2009இல் பின்னோக்கி வருகையில் மோதி ஒரு சிறுவன் இறந்தான். யார் உரிமையாளர்? ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டினர். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்றது நீதிமன்றம்; இழப்பீடு கோருவோர் கைமாறிய சங்கிலியைத் தேடி அலையக்கூடாது என்பது அதன் காரணம். தீர்ப்பு சரியானதே. விளம்பரத்தில் நாம் எழுதும் 'ஒரே உரிமையாளர்' என்ற தொடர், விற்ற பின்னும் சட்டத்தின் கண்ணில் நம்மீதே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

வரலாற்றின் ஒரு வேடிக்கையோடு நிறுத்துகிறேன். அகர்லாஃப் இந்நோய்க்குச் சொன்ன மருந்துகள் உத்தரவாதம், வணிகப் பெயர், உரிமம். 2001இல் மாருதியின் ட்ரூ வேல்யூ வந்தது. 2015இல் கார்ஸ்24, ஸ்பின்னி போன்றவை வந்தன. இவை காரைத் தாமே சோதித்து விற்கின்றன. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. பழைய வாகன டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெறவும், வண்டி தம்மிடம் உள்ளவரை அதற்குப் பொறுப்பேற்கவும் 2023 ஏப்ரலிலிருந்து வழி பிறந்தது. வரி விளம்பரம் தலைமுறை தலைமுறையாக விரட்டிய தரகர் முன்வாசல் வழியாக, கணினி ரசீதோடு திரும்பியிருக்கிறார். அவருடைய தரகுக்கு இப்போது 'சேவைக் கட்டணம்' என்று பெயர்.

1960 முதல் 1990 வரையிலான நாளிதழ் வரி விளம்பரப் பக்கங்களை, எம்மொழியாயினும், எவரேனும் கத்தரித்து வைத்திருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். ஆவணக் காப்பகத் தொகுப்புகளில் தலையங்கங்கள் எளிதாகக் கிடைக்கின்றன. இப்பத்திகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஃபியட், அம்பாசடர் விற்பனை விளம்பரங்கள் எனில் கூடுதல் மகிழ்ச்சி.