கூட்டுக் கதைக்கு ஒரு கதாபாத்திரம்: சமநிலையோடு அமைக்கும் முறை

பலர் சேர்ந்து இணையத்தில் ஒரே கதையை எழுதும் பழக்கம் இன்று இடைநிலைப்பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே காணப்படுகிறது. 'ரோல் பிளே' என்று அவர்கள் சொல்லும் இதைத் தமிழில் பாத்திரமேற்புக் கதை எனலாம். இந்தக் கதைக்குத் தனி ஆசிரியர் கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கி, அந்தப் பாத்திரத்தின் பேச்சையும் செயலையும் மட்டும் எழுதுவார். ஒருவர் ஒரு பத்தி எழுதி முடித்ததும் அடுத்தவர் தொடர்வார். டிஸ்கார்ட் போன்ற உரையாடல் செயலிகளிலும் புலனக் குழுக்களிலும் இப்படிக் கதை வளர்க்கலாம். பிள்ளைகள் கைப்பேசியில் மணிக்கணக்கில் தட்டிக்கொண்டிருப்பது சில வேளைகளில் இதுவாகவும் இருக்கக்கூடும்.

நன்றாகத் தொடங்கிய கூட்டுக் கதை பாதியில் நின்றுபோவதற்குப் படிப்பு, தேர்வு, நேரமின்மை எனப் பல காரணங்கள் உண்டு. ஒரே பாத்திரம் எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுவதும் அவற்றுள் ஒன்று. சண்டையில் வெல்வதும் அது, இரகசியத்தைக் கண்டுபிடிப்பதும் அது, காயம்பட்டவருக்கு மருந்து போடுவதும் அது என்றால் மற்றவர்களுக்கு எழுத வேலை இருக்காது. அப்போது முதலில் ஒதுங்கிக்கொள்பவர் கூச்ச சுபாவம் உள்ளவராகவோ தமிழில் எழுதிப் பழகத் தொடங்கியவராகவோ இருப்பார். பள்ளிக்கு வெளியே தமிழில் தொடர்ந்து எழுதக் கிடைத்த ஒரு வாய்ப்பு அவருக்கு அத்தோடு போய்விடும். கதாபாத்திரத்தைத் தொடக்கத்திலேயே சமநிலையோடு அமைத்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

தோன்றிய வழி

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் இருவரும் 1974ஆம் ஆண்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி விளையாடும் ஆட்டம் அது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா, எழுத்தை மட்டுமே கொண்டு பலர் ஒரே நேரத்தில் உலவக்கூடிய 'மட்' என்ற கணினி உலகத்தை எழுதத் தொடங்கினார். அதைச் சக மாணவர் ரிச்சர்ட் பார்ட்டல் வளர்த்தெடுத்தார். இன்றைய இணையக் கூட்டுக் கதைகளின் பல வழக்கங்கள் இவ்விரண்டிலிருந்தும் வந்தவை.

புள்ளிக் கணக்கு சொல்லும் பாடம்

சமநிலை என்றவுடன் எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே அளவு பலம் வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே கதையில் மல்யுத்த வீரரும் கிழவியும் சமநிலையோடு இருக்க முடியும். வீரரால் முடியாத ஒன்று கிழவியால் முடிய வேண்டும், கிழவிக்கு வீரரின் துணை தேவைப்பட வேண்டும். அவ்வளவுதான்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் உள்ள ஒரு முறை இதைக் கணக்காகவே காட்டுகிறது. வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், ஈர்ப்பு என ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன்கள். எல்லாமே 8இல் தொடங்கும். அவற்றை உயர்த்த மொத்தம் 27 புள்ளிகள் தரப்படும். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி போதும். 13இலிருந்து 14க்கு இரண்டு, அங்கிருந்து 15க்கு மேலும் இரண்டு புள்ளிகள் செலவாகும். ஆக, ஒரு திறனை 15க்குக் கொண்டுவர 9 புள்ளிகள் வேண்டும். மூன்று திறன்களை அப்படி உயர்த்தினால் 27 புள்ளிகளும் தீர்ந்துவிடும், மற்ற மூன்றும் 8இலேயே நிற்கும்.

கதை எழுதுவோர் இந்த எண்களைப் பயன்படுத்த வேண்டியதில்லை. ஒன்றில் சிறந்து விளங்க வேறொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், உச்சத்தை நெருங்க நெருங்க விலை கூடும் என்ற எண்ணம் போதும்.

1986இல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட 'கர்ப்ஸ்' என்ற விளையாட்டில், பாத்திரத்துக்கு ஒரு குறையை ஏற்றுக்கொண்டால் புள்ளிகள் திரும்பக் கிடைக்கும். இத்தகைய முறையில் ஒரு தந்திரத்துக்கும் இடம் உண்டு. கதை முழுவதும் மலைக்காட்டில் நடக்கும்போது 'கடலைக் கண்டால் பயம்' என்று எழுதிக்கொள்பவருக்கு அந்தக் குறையால் எந்த நஷ்டமும் இல்லை. கதையில் ஒரு தடவையாவது இடறிவிடாத குறையைக் குறையாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மேரி சூ என்னும் எச்சரிக்கை

'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் அந்தக் காலத்தில் தாங்களே கதை எழுதிச் சிற்றிதழ்கள் வெளியிட்டு வந்தனர். அக்கதைகளில் திரும்பத் திரும்ப ஒரே வகை நாயகி வருவதைக் கண்ட பௌலா ஸ்மித், 1973இல் அதைக் கேலி செய்து ஒரு சின்னஞ்சிறு கதை எழுதினார். அதன் நாயகி லெப்டினன்ட் மேரி சூவுக்கு வயது பதினைந்தரை. படையிலேயே மிக இளைய அதிகாரி. கப்பலின் தலைவர் அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார். கப்பலையே அவள் திறமையாக நடத்தி நோபல் அமைதிப் பரிசும் பெறுகிறாள். கடைசியில் எல்லோரும் கண்ணீர் விட இறந்துபோகிறாள்.

அன்றிலிருந்து, குறையே இல்லாத, எல்லோரும் விரும்புகிற பாத்திரத்துக்கு 'மேரி சூ' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆண் பாத்திரமானால் 'கேரி ஸ்டூ' என்பார்கள். அழகும் திறமையும் இருப்பதால் மட்டும் ஒரு பாத்திரம் மேரி சூ ஆகிவிடாது. மற்றப் பாத்திரங்கள் எல்லாம் அதைப் புகழ்வதற்கும் அதனால் காப்பாற்றப்படுவதற்கும் மட்டுமே கதையில் இருந்தால், அப்போது பெயர் பொருந்தும்.

கர்ணனும் இராவணனும்

நல்ல குறையை எப்படி அமைப்பது என்பதைத் தமிழர் நன்கு அறிந்த இதிகாசங்களிலேயே பார்க்கலாம்.

கர்ணன் பிறக்கும்போதே கவச குண்டலங்களோடு பிறந்தவன். அவை இருக்கும்வரை அவனை வெல்ல முடியாது. ஆனால் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத குணம் அவனுடையது. இந்திரன் வந்து கேட்டபோது கொடுத்துவிடுகிறான். பதிலுக்குக் கிடைத்த சக்தி ஆயுதத்தை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அர்ச்சுனனுக்கென்று அவன் வைத்திருந்த அதை, போரின் நெருக்கடியில் கடோற்கசன் மீது ஏவ வேண்டியதாகிறது. அவனுடைய பெரிய பலம் அவனுடைய சிறந்த குணத்தாலேயே போகிறது.

இராவணன் பிரம்மனிடம் வரம் கேட்டபோது தேவர், அசுரர் முதலானோரால் சாவு வரக்கூடாது என்று கேட்டான். மனிதரை ஒரு பொருட்டாக நினைக்காததால் அவர்களைச் சேர்க்கவில்லை. அந்த அலட்சியமே இராமன் உருவில் வந்து நிற்கிறது.

இரண்டிலும் குறை வெளியிலிருந்து ஒட்டவைக்கப்பட்டதாக இல்லை, பாத்திரத்தின் குணத்திலிருந்தே முளைக்கிறது. சக்தி ஆயுதத்துக்கு இருந்ததைப் போல 'ஒரு தடவை மட்டும்', 'பகலில் மட்டும்' என்று திறமைக்கு வரம்பு வைப்பதும் கூட்டுக் கதையில் நன்கு பயன்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

1941 டிசம்பரில் பேராக்கில் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் நடக்கும் கதையை நால்வர் சேர்ந்து எழுதுவதாக வைத்துக்கொள்வோம். டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கிவிட்டது. தோட்டத்தில் ஒரே கலக்கம்.

ஒருவர் தம் பாத்திரத்தை இப்படி எழுதுகிறார்: வள்ளி, வயது 19, பால்வெட்டுத் தொழிலாளி. தமிழ், மலாய், ஆங்கிலம், ஜப்பான் மொழி எல்லாம் தெரியும். துப்பாக்கி சுடுவாள். மூலிகை வைத்தியம் அறிவாள். எதற்கும் அஞ்சமாட்டாள்.

இந்த வள்ளியோடு சேர்ந்து எழுத மற்ற மூவருக்கும் ஒன்றும் மிச்சமில்லை. அன்றைய தோட்டப் பெண்ணுக்கு இவையெல்லாம் எப்படி வந்தன என்ற கேள்வியும் எழும்.

திருத்திய வடிவம்: வள்ளி விடியுமுன் விளக்கோடு பால்வெட்டப் போய்ப் பழகியவள். விறகு பொறுக்கிய பழக்கத்தால் பின்புறக் காட்டின் தடங்கள் அத்துப்படி. மலாய் ஓரளவு பேசுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. அதை வெளியில் காட்டிக்கொள்ள வெட்கப்படுவாள். எட்டு வயதுத் தம்பியை விட்டு எங்கும் போகமாட்டாள்.

மற்ற மூவரும் இதற்கேற்ப அமைகிறார்கள். கிராணிக்கு ஆங்கிலம் தெரியும், ரேடியோச் செய்தி கேட்பார். ஆனால் கூலியில் பிடித்தம் செய்தவர் என்பதால் லயத்தில் யாரும் அவரை நம்புவதில்லை. டிரஸரிடம் கொய்னா மாத்திரை இருக்கிறது. ஆனால் கையிருப்பு குறைவு, யாருக்குக் கொடுப்பது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். லாரி ஓட்டுநருக்கு வெளி ஊர்ப் பாதைகள் தெரியும், காட்டுத் தடம் தெரியாது.

இப்போது துரையின் மேசையில் கிடைத்த ஆங்கிலக் கடிதத்தை வள்ளி தான் நம்பாத கிராணியிடம்தான் கொடுத்தாக வேண்டும். கொடுப்பாளா, அவர் உண்மையைப் படித்துச் சொல்வாரா என்பதிலேயே இரண்டு பேருக்கு எழுத நிறைய இருக்கிறது.

இத்தகைய வரலாற்றுக் கதைகளில் சமநிலை இன்னொரு வகையிலும் முக்கியம். 1942, 1943 ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தனியொரு வீரர் போய் எல்லோரையும் மீட்டுவருவதாக எழுதினால் அந்த இழப்பு இலேசாகிவிடும். பயமும் பசியும் உள்ள, சில நேரம் தோற்கிற பாத்திரமே அந்தக் காலத்துக்கு நியாயம் செய்யும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அன்றைய பிரட்டு, சாப்பாடு, லயத்து வாழ்க்கை பற்றிக் கேட்டு எழுதலாம்.

எழுதும்போது காக்க வேண்டிய எல்லை

பாத்திரத்தைச் சரியாக அமைத்த பிறகும் எழுத்தில் சமநிலை தவறலாம். இரண்டு தவறுகள் அடிக்கடி பேசப்படுகின்றன.

முதலாவது 'காட்மோடிங்', அதாவது மற்றவரின் பாத்திரத்துக்கு என்ன நடந்தது என்பதையும் தானே முடிவு செய்துவிடுவது. 'வள்ளி காவலரை நோக்கிக் கல்லை எறிந்தாள்' என்று எழுதலாம். 'கல் பட்டுக் காவலர் மயங்கி விழுந்தார்' என்று எழுதுவது காவலரை எழுதுபவரின் உரிமை.

இரண்டாவது 'மெட்டாகேமிங்', அதாவது எழுதுபவருக்குத் தெரிந்ததைப் பாத்திரமும் அறிந்ததாகக் காட்டுவது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது எழுதுபவருக்குத் தெரியும். 1941 டிசம்பரில் இருக்கும் வள்ளிக்குத் தெரியாது. 'சிங்கப்பூருக்குப் போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம்' என்று அவள் நம்புவதுதான் இயல்பு.

பாத்திரம் வேறு, எழுதுபவர் வேறு

கதையில் சண்டையிடும் இருவர் கதைக்கு வெளியே நண்பர்களாக இருக்க வேண்டும். பாத்திரத்தின் தோல்வியைத் தன் தோல்வியாக எடுத்துக்கொள்பவரால் எந்தக் குறையையும் மனமுவந்து எழுத முடியாது. அதனால் பாத்திரத்துக்குச் சொந்தப் பெயர், சொந்தப் பள்ளி, சொந்த ஊர் வைக்காதிருப்பது நல்லது. பாதுகாப்புக்கும் அதுவே வழி. கூட எழுதுபவர் கதையைத் தாண்டித் தனிச்செய்தியில் புகைப்படம், முகவரி கேட்டாலோ நேரில் சந்திக்க வற்புறுத்தினாலோ, உடனே நிறுத்திவிட்டு வீட்டுப் பெரியவரிடமும் குழுவின் பொறுப்பாளரிடமும் சொல்ல வேண்டும். பெற்றோரும் கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன், என்ன கதை எழுதுகிறாய் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

தொடங்குமுன் சரிபார்க்க

பாத்திரக் குறிப்புக்கு அரைப் பக்கம் போதும். குழுவினர் எல்லோரும் படித்த பிறகு கதையைத் தொடங்கலாம். கீழ்க்காணும் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

* இவர் நன்றாகச் செய்யக்கூடிய ஒன்று அல்லது இரண்டு வேலைகள் எவை? அவற்றை எங்கே கற்றார்?
* யாருடைய உதவி இல்லாமல் இவரால் எதைச் செய்ய முடியாது?
* இவருடைய குறை இந்தக் கதை நடக்கும் இடத்தில், காலத்தில் இவரை உண்மையிலேயே இடறுமா?
* இவருக்கு என்ன வேண்டும்? அதை அடைய எதை இழக்கத் தயங்குவார்?
* குழுவில் வேறொருவரின் வேலையை இவர் பறித்துக்கொள்கிறாரா?

கதை வளரும்போது பாத்திரமும் மாறலாம். வள்ளி கிராணியிடம் எழுத்துக் கற்றுக்கொள்ளலாம். அது ஒரே பத்தியில் நடந்துவிடாமல் பல நாள் முயற்சியாக இருந்தால், கிராணியை எழுதுபவருக்கும் அந்த நாட்களில் பங்கு கிடைக்கும். புதிய திறமை எதையும் சேர்ப்பதற்கு முன் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது, புதிதாகச் சேர்ந்தவர் இரண்டு நாள் எழுதாமல் இருந்தால் அவருடைய பாத்திரத்திடம் கதைக்குள்ளேயே ஒரு கேள்வி கேட்பது போன்ற சிறு பழக்கங்கள் கதை நின்றுபோகாமல் தொடர உதவும்.