பதக்கம் சொல்வதும் சொல்லாததும்

திருநெல்வேலிச் சபைகளில் ஊழியம் செய்வோரிடம் சில வேளைகளில் ஒரு வினா எழுப்பப்படுவதுண்டு. வீட்டுப் பெட்டியினின்று கறுத்துப்போன பதக்கமொன்றை எடுத்துக் காட்டி, "ஐயா, எங்கள் முன்னோர் ஒருவர் பட்டாளத்தில் இருந்தாராம். இதைக்கொண்டு அவர் வரலாற்றை அறியலாகுமா?" என்று பெரியோர் கேட்பர். ஓரளவு அறியலாகும் என்பதே நமது விடை. அந்த அளவு எத்தகையது என்பதை இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதலாவது பதக்கத்தின் விளிம்பை நோக்கவேண்டும். முதல் உலகப் போருக்கான பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. பிரித்தானியப் போர்ப் பதக்கம் போர்வீரருக்கு வெள்ளியிலும், மண் வெட்டவும் சுமை தூக்கவும் சென்ற தொழிற்படையினருக்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. ஆகவே உலோகமே அம்மனிதர் செய்த பணியைக் காட்டும். விளிம்பில் 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையின் பெயர் காணப்படின், 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறையில் தோல்வியுற்ற படையில் அப்பிரிவும் இருந்தது என்பதை நினைவிற் கொள்ளலாம். ஆனால் படைப்பிரிவின் பெயர் பாளையங்கோட்டை என்பதனால் அதில் சேர்ந்தோர் யாவரும் தாமிரபரணிக் கரையினர் என்று முடிவு செய்தலாகாது.

இப்படைப்பிரிவின் முன்னோடியான பட்டாளம் 1817 டிசம்பர் 21ஆம் நாள் மாளவத்தில் சிப்ரா ஆற்றங்கரையிலுள்ள மகித்பூரில் ஹோல்கரின் சேனையை எதிர்த்துப் போரிட்டது. அப்போருக்கான பதக்கம் எப்பொழுது கிடைத்தது? 1851இல்தான் 'இந்தியப் படை' பதக்கம் அறிவிக்கப்பட்டது. அதுவும் உயிரோடிருந்து விண்ணப்பித்தோர்க்கே உரியதாயிற்று. இருபது வயதில் மகித்பூரில் நின்ற சிப்பாய்க்கு அப்பொழுது வயது ஐம்பத்து நான்கு. இடையில் மரித்தோர்க்கும், அறிவிப்பே எட்டாத கிராமங்களில் வாழ்ந்தோர்க்கும் ஒன்றுமில்லை. பெற்றோரின் பட்டியல்கள் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. அப்பட்டியலில் பெயர் இல்லாமையால் ஒருவன் போரிடவில்லை என்று கூற இயலாது.

அதற்கு முற்பட்ட பதக்கங்களின் நிலை வேறு. 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்கான பதக்கத்தில், சிங்கம் திப்புவின் சின்னமான புலியை வீழ்த்துகிறது. உயர் அதிகாரிகளுக்குப் பொன். சிப்பாய்க்கு ஈயம் போன்ற வெள்ளீயம். 1824-26 பர்மியப் போருக்கான பதக்கத்தில் வெள்ளை யானை சிங்கத்தின் முன் மண்டியிடுகிறது. இவ்விரண்டும் பெயர் பொறிக்கப்படாமலே வழங்கப்பட்டவை. வென்றவரின் சின்னமும் தோற்றவரின் சின்னமும் அவற்றில் உண்டு. அணிந்தவனின் பெயர் இல்லை.

இனி, பதக்கமே இல்லாத போரை நோக்குவோம். 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிச் சென்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மார்ச் 31இல் கம்பெனிப் படை பேரிழப்புடன் பின்வாங்கிற்று. மே 24இல்தான் கோட்டை விழுந்தது. 1851ஆம் ஆண்டுப் பதக்கத்தில் '1799-1826' என்றே பொறிக்கப்பட்டிருந்தும், அதன் நாடாவில் பொருத்தும் இருபத்தொரு போர்ப் பட்டைகளுள் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒன்றும் இல்லை. நமது மண்ணில் நிகழ்ந்த மிகக் கொடிய போர் பதக்க வரலாற்றில் இடம்பெறவேயில்லை. அங்கே போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளாலும், பேராயர் கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தாலும் அதை அறிகிறோம். ஆட்சியாளர் நினைவுகூர விரும்பியதையே பதக்கம் நினைவுகூர்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகையால் பதக்கத்தோடு நில்லாமல் வேறு ஏடுகளையும் நாடவேண்டும். பாளையங்கோட்டைச் சபை கோட்டையின் நிழலில் வளர்ந்தது. 1780இல் அதன் பதிவேட்டில் இருந்தவர் நாற்பது பேர்; குளோரிந்தாவின் ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளில் தொழில் குறிக்கப்பட்ட இடங்களைத் தேடினால், பதக்கம் பெறாத சிப்பாயும், அவன் மனைவியும் பிள்ளைகளும் பெயரோடு தோன்றக்கூடும். அவ்வேடுகளைச் செல்லரியாமல் காப்பது போதகரின் கடமைகளுள் ஒன்றென நாம் மாணவர்க்கு வலியுறுத்துகிறோம்.

பதக்கத்தைக் காட்டும் குடும்பத்தாரிடம் உண்மையை மறையாது கூறவேண்டும். அவர்தம் முன்னோர் அந்நியரின் ஊதியத்திற்காகத் தம் நாட்டவரையே எதிர்த்து நின்றிருக்கலாம். அவரை வீரரென்று போற்றவோ துரோகியென்று தூற்றவோ நாம் விரைய வேண்டுவதில்லை. எந்த ஆண்டில், எந்தப் படையில், எந்த ஊரில் அவர் இருந்தார் என்பதை முதலில் நிலைநாட்டுவோம். பெயரற்றுப் போன ஒருவர்க்கு அவர் பெயரை மீட்டளிப்பதே வரலாற்று மாணவனின் முதற்பணி.